தொண்ணூற்றாறு நடை

4 மார்ச், செவ்வாய்

அக்கா,

பதினொரு முறை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. பன்னிரண்டாவது முறை அத்தான் எடுத்து, "அவ குளிக்கிறா மச்சான்" என்றார். மதியம் மூன்று மணிக்கு. அதனால்தான் கடிதம். நம் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே செவ்வாய், வெள்ளி போகிற தபால் பையில் போடுகிறேன். நீ கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

நலம் விசாரிப்பது கடைசியில். முதலில் விஷயம்.

ஏழு ஊர்களின் குப்பை சேகரிப்பையும் குறைப்பையும் ஒரே ஆய்வாகச் செய்ய மண்டலக் குழு முடிவு செய்திருக்கிறது. எதை அளப்பது, எப்படி அளப்பது, எந்த ஊரை எந்த வகையில் சேர்ப்பது என்று திட்ட வரைவு எழுதுவது என் வேலை. ஏழு ஊருக்கும் ஒரே படிவம் அனுப்பினேன். உன் ஊர்ப் படிவத்தில் சேகரிப்பு மேற்பார்வையாளர் என்ற முறையில் நீயே எழுதியிருக்கிறாய்: "ஒரு நாளைக்கு 96 நடை." ஒரு நடை என்றால் பேட்டரி வண்டி ஒரு தடவை நிரம்பிப் போய்க் கொட்டிவிட்டு வருவது. முந்நூறு கிலோ. தொண்ணூற்றாறை முந்நூறால் பெருக்கி, பதினெட்டாயிரம் பேருக்கு வகுத்தேன். ஆளுக்கு ஒன்று புள்ளி ஆறு கிலோ வந்தது. மற்ற ஆறு ஊர்களில் அரைக் கிலோவே அதிகம்.

ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிற ஊர் ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சேகரிப்பை உடனே பொது லாரிக்கு மாற்றிவிடலாம் என்பது குழுவின் விதி. உன் ஊர் மட்டும் தாண்டியது. எழுதினேன். இதில் நான் செய்த தப்பு என்ன?

28ஆம் தேதி குழு கூடுகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதற்கு முன் சொல். கோபமாக இருக்கிறாய் என்று அத்தான் சொன்னார். கோபத்தைப் படிவத்தில் நிரப்ப முடியாது.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தம்பி

7 மார்ச், வெள்ளி

தம்பி,

கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். பொறியாளர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் மன்றக் கூட்டத்தில் தலைவர் உன் வரைவை எழுந்து நின்று படித்தார். "மண்டலத்திலேயே அதிகக் குப்பை போடும் ஊர்." படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு வருஷமா குப்பையைக் குறைச்சோம் குறைச்சோம்னு சொன்னீங்களே, எங்கே குறைச்சீங்க, பேப்பர்லயா? இது உங்க தம்பி எழுதினதுதானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது போகட்டும். கையுறை கேட்டு மனு கொடுக்க என் ஆட்கள் கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். பொது லாரி வந்தால் இருபத்து நாலு பேருக்கும் வேலை இல்லை என்று தலைவர் படித்தது அவர்கள் காதில் விழுந்துவிட்டது. அன்று கையுறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் ஊரில் பேட்டரி வண்டி கிடையாது. வாங்கித் தரச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்கிறேன். இருப்பது தள்ளுவண்டி. ஒரு ஆள், ஒரு வண்டி, நாலு வாளி. கொட்டகையிலிருந்து புறப்பட்டு ஒரு சுற்று போய்வந்தால் ஒரு நடை. நடை என்றால் நடப்பது. இதற்குமா அகராதி வேண்டும்? ஆளுக்கு நாலு நடை, இருபத்து நாலு பேர், தொண்ணூற்றாறு. இதில் முந்நூறு கிலோவை யார் தள்ளுவது, நீ வந்து தள்ளுகிறாயா?

எங்களிடம் ஒருத்தி இருக்கிறாள், வாய் மூடாததால் பெயர் ரேடியோ. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். அது அவளுக்கு அதிகம். பிறகு, "பெருக்கத் தெரியாத ஆளெல்லாம் குப்பையப் பத்தி எழுதினா இப்படித்தான்க்கா ஆகும்" என்றாள்.

பதினாறாம் வாய்ப்பாடு வரை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். 

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா

11 மார்ச், செவ்வாய்

அக்கா,

தப்பு என்னுடையதுதான். சுற்றி வளைக்கவில்லை.

வேறு எந்த ஊரிலிருந்து அந்த எண் வந்திருந்தாலும் திருப்பி அனுப்பி, "நடை என்றால் என்ன வண்டி?" என்று கேட்டிருப்பேன். இரண்டு ஊர்களிடம் அப்படிக் கேட்கவும் செய்தேன். உன் எழுத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. என் கல்லூரி விண்ணப்பத்தையே நிரப்பியவள் நீ. உன் எழுத்து தப்பாக இருக்கும் என்று எனக்கு எந்த நாளும் தோன்றியதில்லை. தப்பாகவும் இல்லை. நான்தான் வேறு வண்டியை ஏற்றிவிட்டேன்.

இப்போது சரிசெய்வது எளிது. ஒரு தள்ளுவண்டி சராசரியாக எத்தனை கிலோ? அது மட்டும் போதும். என் ஊகம் சரியென்றால் உன் ஊர் மண்டலத்தின் மோசமான ஊர் இல்லை, மிகச் சிறந்த ஊர். உன் தலைவர் மறுபடியும் எழுந்து நின்று படிப்பார், இந்த முறை வேறு குரலில்.

இந்தப் பையோடு ஜீப்பில் ஒரு மேடைத் தராசு வருகிறது. வண்டியை ஏற்றி நிறுத்தினால் எடை காட்டும். ஏழு நாள், தொண்ணூற்றாறு நடையும் எடை போட்டு அனுப்பு. படிவம் இணைத்திருக்கிறேன்.

தம்பி

14 மார்ச், வெள்ளி

தம்பி,

தராசு வந்தது. கொட்டகை மூலையில் இருக்கிறது. மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் முடியாது. இரண்டு பேர் விடுப்பு. தரை வேறு மேடு பள்ளம், தராசு சரியாக உட்காராது. எடை போட ஒருவர் நின்றால் ஒரு நடை குறையும். லாரி விஷயத்தை மட்டும் எடுத்துவிடு. எடை என்ற கட்டத்தில் "தகவல் இல்லை" என்று எழுதிக்கொள். எத்தனையோ ஊர் அப்படித்தானே எழுதுகிறது?

அம்மா உன்னைச் சாப்பிடச் சொன்னாள். எதை என்று சொல்லவில்லை.

அக்கா

18 மார்ச், செவ்வாய்

அக்கா,

தரை மேடு பள்ளமாக இருந்தால் காலுக்கு அடியில் ஒரு பலகை வை. நீ பரண் ஏணிக்கே அட்டை மடித்து வைத்து நிறுத்துகிறவள். இந்தக் காரணத்தை வேறு யாரிடமாவது சொல்.

"தகவல் இல்லை" என்று எழுதினால் பழைய எண்தான் நிற்கும். அதுவும் விதி. பழைய எண் நின்றால் லாரி வரும். இதைத் தலைமைப் பொறியாளரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "என்ன தம்பி, உங்க அக்கா குப்பையில எதையாவது ஒளிச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான். ஆனால் எனக்கும் அதே கேள்விதான்.

நான் உன் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், கையில் ஒன்றும் இல்லாமல். எனக்கு அலுத்துவிட்டது. அறைக்குப் போனால் கீழே அச்சகத்தின் சத்தம். இங்கே வந்தால் ஏழு ஊரின் படிவங்கள், ஏழும் ஏழு விதப் பொய். உன்னுடையது மட்டும் உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதை மறைக்கிறாய்?

தம்பி

21 மார்ச், வெள்ளி

தம்பி,

மறைக்கிறேன். சரி, கேள்.

எங்கள் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நாலு கட்டம். நாலு நடை போனால் நாள் முழுசு. அதற்கு மேல் வேறெதையும் நாங்கள் எழுதுவதில்லை, எழுதச் சொன்னவர்களும் இல்லை.

இரண்டு வருஷம் முன்பு வண்டிகள் வழிந்துகொண்டு வரும். ஒன்று நூற்றிருபது கிலோ இருக்கும். கொட்ட இடமில்லை. பிரிக்காமல் கலந்து கொடுத்தால் வாங்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். முதல் மாதம் எங்களை வாசலில் வைத்துத் திட்டாத வீடு இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார்கள். தோலையும் இலையையும் தொட்டி மண்ணில் புதைக்க ஆரம்பித்தார்கள். வாங்குகிற பையைக் குறைத்தார்கள். இப்போது வண்டி பாதிதான் நிறைகிறது. அறுபது கிலோ இருந்தால் அதிகம்.

நடையை மட்டும் நான் குறைக்கவில்லை.

தராசில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல். அறுபது கிலோ, தொண்ணூற்றாறு நடை. வண்டியை நிரப்பினால் நாற்பத்தெட்டு நடை போதும். பன்னிரண்டு பேர் போதும். உனக்குப் பெருக்க வராவிட்டாலும் வகுக்க வரும். தலைவருக்கு அதுவும் தேவையில்லை, பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

உன் வரைவில் பதினான்கு இடத்தில் "குறைப்பு" என்று வருகிறது. எண்ணினேன். நீ குப்பையைச் சொல்கிறாய். எனக்கு அந்த இடத்தில் பன்னிரண்டு முகம் தெரிகிறது. குப்பையைக் குறைத்தவர்களே அவர்கள்தான். நன்றாக வேலை செய்தார்கள், அதனால் வீட்டுக்குப் போகட்டும் என்று நான் யாரிடம் முதலில் சொல்வது? அகர வரிசையிலா?

பொய் எண்ணை அப்படியே விட்டால் லாரி வந்து இருபத்து நாலு பேருக்கும் வேலை போகும். மெய் எண்ணைக் கொடுத்தால் பன்னிரண்டு பேருக்குப் போகும். நீ படித்தவன், எது சரி என்று எழுதி அனுப்பு. எனக்கு யோசித்து யோசித்துத் தலை மரத்துப்போய்விட்டது. காலையில் எழுந்ததும் தார்ப்பாயைத்தான் முதலில் பார்க்கிறேன். அதுவும் என்னைப் பார்க்கிறது.

அக்கா

25 மார்ச், செவ்வாய்

அக்கா,

நேற்று நீ என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வார்த்தை. "வா." "ஷூ போட்டிருக்கியா?" பிறகு ரேடியோவோடு என்னை அனுப்பிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டாய். மாலையில் நான் கிளம்பும்போதும் தலை நிமிரவில்லை. பரவாயில்லை. நான் பேச வரவில்லை, பார்க்க வந்தேன்.

பார்த்ததை எழுதுகிறேன். கையில் கடிகாரம் வைத்துக் குறித்தது.

முதல் நடை. நாற்பத்தேழு வாசல், தொண்ணூற்றிரண்டு நிமிடம். கொண்டு போயிருந்த கைத் தராசில் ஒவ்வொரு வாளியாகத் தூக்கிப் பார்த்தேன், மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோ. ஐந்தாவது வாசலில் நீல வாளியோடு ஒரு பெண் வந்தார். ரேடியோ எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, வெங்காயத் தோலும் டார்ச் பேட்டரியும் ஒரே வாளியில குடித்தனம் பண்ணுது?"

"அவசரத்துல போட்டுட்டேன்மா. இன்னிக்கு மட்டும் வாங்கிக்கோ."

"அவசரம் உங்களுக்கு, பிரிக்கிறது எனக்கா? நான் நிக்கிறேன், நீங்க பிரிச்சுக் குடுங்க. பின்னாடி நிக்கிறவர் பெரிய ஆபீசர், எல்லாத்தையும் எழுதுறாரு."

அந்தப் பெண் என்னை முறைத்துக்கொண்டே பிரித்தார். மூன்று நிமிடம் பத்து விநாடி. இரண்டு வீடு தள்ளி, பனியன் போட்ட ஒருவர் கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் உறையோடு நின்றார். "இன்னிக்கு எங்க வீட்டுல இவ்வளவுதான்" என்றார், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் போல. ரேடியோ அவரைப் பாராட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். அது நாற்பது விநாடி.

வாசலில் நிற்காமல், கொடுத்ததை வாங்கிக் கவிழ்த்துக்கொண்டே ஒரு தெரு மட்டும் போய்க் காட்டச் சொன்னேன், நேரம் ஒப்பிட. வண்டியைக் கீழே விட்டுவிட்டாள். "அதுக்கு வேற ஆளைப் பாருங்க தம்பி. இன்னிக்கு ஒருநாள் நிக்காமப் போனா நாளைக்கு இந்தத் தெருவே கலந்து வெச்சிரும். அப்புறம் யார் ரெண்டு வருஷம் திட்டு வாங்குறது, நீங்களா?"

வண்டி பாதிதான் நிறைந்திருந்தது. ஆனால் அவள் நாள் முழுவதும் சும்மா நின்றது ஒரு நிமிடம்கூட இல்லை. நான் எடையை மட்டும் பார்த்தேன். நீயும் எடையைத்தான் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறாய். பன்னிரண்டு பேர் போதும் என்பது சரிதான். ஆறு மாதத்துக்குப் போதும். வாசலில் நிற்க நேரம் இருக்காது, வீடுகள் கலந்து கொடுக்கும். அதற்குள் வண்டிகள் மறுபடியும் வழியும், மறுபடியும் இருபத்து நாலு பேர் வேண்டும்.

இது என் கணிப்பு. நிரூபணம் இல்லை. நிரூபிக்க வேண்டுமானால் ஆய்வு நடக்க வேண்டும், ஆய்வு நடக்க வேண்டுமானால் நீ தார்ப்பாயை எடுக்க வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது. அளக்கிற காலத்தில், அளக்கப்படும் அமைப்பை மாற்றக் கூடாது. மாற்றினால் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது, அளவே செல்லாது. முதல் வருடப் பாடம். இதை வரைவில் தனி விதியாக எழுதுகிறேன்: ஆய்வு நடக்கும் பன்னிரண்டு மாதமும் எந்த ஊரிலும் ஆள் எண்ணிக்கை மாறக் கூடாது. இரக்கம் காட்டச் சொல்லி நான் கேட்டால் குழு சிரிக்கும். அளவு செல்லாது என்றால் பயப்படும்.

பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு என்ன என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. உறுதி தர என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது, அதையும் குழு ஒத்துக்கொண்டால்.

வியாழக்கிழமைக்குள் சொல். கால் இன்னும் வலிக்கிறது.

தம்பி

27 மார்ச், வியாழன் (ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புவது)

தம்பி,

தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. நேற்று நாலாவது நடை முடிந்ததும் இருபத்து நாலு பேரையும் கொட்டகையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி பாதிதான் நிறைகிறது என்று தெரிந்தும் நடையைக் குறைக்காமல் விட்டதையும் சொன்னேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது எங்களுக்குத் தெரியாதாக்கா? வண்டியைத் தள்ளுறது நாங்கதானே" என்றாள் ஒருத்தி. இத்தனை நாள் நான் தனியாகச் சுமந்தேன் என்று நினைத்தது வீண்.

பன்னிரண்டு மாதம் என்றேன். அதற்கப்புறம் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.  

பிறகு ரேடியோதான் எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்தாள். "ஏத்திப் பார்க்கட்டும்க்கா. நாம என்ன கல்லையா தள்ளுறோம்?" இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு வயசாகிவிட்டது, குறைத்தால் முதலில் அவர்கள்தான். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவர்களும் சரி என்றார்கள், வேறு வழியில்லாமல்.

இன்றைய தொண்ணூற்றாறு நடையும் எடை போட்டாயிற்று. சராசரி ஐம்பத்தொன்பது. தாள் இணைத்திருக்கிறேன். தராசுக்குக் கீழே பலகை வைத்தேன்.

"அந்தத் தம்பி நாலாவது நடையில ஒரு வீட்டுப் படியில உட்கார்ந்துட்டாரு, அதையும் வரைவுல எழுதச் சொல்லுங்க" என்று ரேடியோ சொல்லச் சொன்னாள்.

அக்கா

1 ஏப்ரல், செவ்வாய்

அக்கா,

தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைக்காதே.

28ஆம் தேதி, எல்லோரும் உட்கார்ந்ததும், வரைவில் உன் ஊருக்கான எண் தப்பு, அந்தத் தப்பைச் செய்தது நான் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். தலைமைப் பொறியாளர் தாளைப் புரட்டாமலே கேட்டார்.

"நீங்களே பெருக்கினீங்களா?"

"நானேதான் சார்."

"அப்ப இனிமே நீங்க பெருக்க வேண்டாம்."

மூலையிலிருந்து யாரோ, "பெருக்குறவங்களோட அனுப்பிருங்க சார், கத்துக்கட்டும்" என்றார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. உன் ரேடியோவுக்குத் தூரத்து உறவாக இருக்க வேண்டும்.

லாரித் திட்டம் கைவிடப்பட்டது. ஆளுக்கு முந்நூற்றுப் பதினைந்து கிராம், ஏழு ஊர்களிலும் குறைவு என்று பதிவாகிவிட்டது. "அப்ப பாதிப் பேர் போதுமே" என்று ஒருவர் உடனே சொன்னார், நீ சொன்னபடியே. என் விதியைப் படித்தேன். அளவு செல்லாது என்றேன். மறுபடியும் செல்லாது என்றேன். பயந்தார்கள். பன்னிரண்டு மாதம் நிற்கிறது. அதற்கு மேல் "பின்னர் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி சேர்த்தார்கள். எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை.

வரைவின் முதல் பக்கத்தில் என் பெயர் இல்லை. எழுதும் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. என்னை ஒரு வருடத்துக்குக் கள அளவையாளனாகப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று நீயே ஊகித்துக்கொள்.

நான் எழுதியதில் அவர்கள் கை வைக்காமல் விட்டது அருஞ்சொல் பக்கத்தில் ஒரு பதிவு. அப்படியே தருகிறேன்.

"நடை: ஒருவர் ஒரு தள்ளுவண்டியுடன் கொட்டகையிலிருந்து புறப்பட்டு, சுமார் நாற்பத்தேழு வாசல்களில் நின்று, பிரித்து வாங்கித் திரும்புவது. எடை இதில் அடங்காது."

அம்மாவிடம் முன் அறையைக் காலி செய்யச் சொல். திட்டினால் திட்டட்டும்.

தம்பி

4 ஏப்ரல், வெள்ளி

தம்பி,

கடிதத்தைக் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். பன்னிரண்டு மாதம் என்றதும் யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரென்று பார்க்கவில்லை. பிறகு ரேடியோ, "சரி, அந்தக் கையுறை மனு என்னாச்சு?" என்று கேட்டாள். நாளைக்கு மறுபடியும் கொடுக்கப் போகிறோம்.

வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரில் ஒருவர் என்னிடம் தனியாக வந்து, அடுத்த ஏப்ரல் எந்தக் கிழமையில் வருகிறது என்று கேட்டார். காலண்டரில் அது இல்லை என்றேன்.

முன் அறை காலி. அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கொட்டகையில் இரு. அன்றைக்குப் போட்ட ஷூ வேண்டாம், அது கடிக்கும். பதிவேட்டில் இருபத்தைந்தாவதாக உன்னைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். எதிரே நாலு கட்டம். நாலு நடை போனால்தான் முழு நாள். மூன்றில் படியில் உட்கார்ந்தால் அரை நாள்தான் போடுவேன், தம்பி என்று பார்க்க மாட்டேன்.

பஸ் ஏறியதும் போன் செய். எடுக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு மட்டும் வேண்டாம், குளித்துக்கொண்டிருப்பேன்.

அக்கா